தீவிலே நான்கு நாள்

பரீட்சை முடிந்தது. விடுமுறை பிறந்தது. கூடவே எங்கள் வீட்டில் ஒரு கலகமும் பிறந்தது.

கலகத்துக்குக் காரணம் ஒரு விளம்பரம். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் தென்னை மரம், அதன் நிழலிலே வாயெல்லாம் பல்லாக ஒரு குடும்பம். "இந்த விடுமுறை தீவிலே!" என்று கீழே எழுதியிருந்தது. என் கைப்பேசிக்குள் எங்கிருந்தோ வந்து விழுந்த அந்தப் படத்தை என் பெண் பார்த்தாள், தம்பிக்குக் காட்டினாள். அவன் விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் காட்டினான். கால் மணி நேரத்தில் நால்வரும் என் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்பா, நாமும் தீவுக்குப் போகலாம்!"

நெய்க்காரப்பட்டியில் இருப்பவனிடம் தீவைக் கேட்டால் அவன் எங்கே போவான்? எங்கள் ஊரில் தெற்கே பார்த்தால் மலை. மற்றப் பக்கம் பார்த்தால் கரும்பும் தென்னையும். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அடுப்படியில் உப்புப் பானையோடு முடிந்துவிடுகிறது. நால்வரில் ஒருவராவது கடலைக் கண்ணால் கண்டதில்லை. மாலத்தீவுக்கு ஆறு பேர் போய்வர என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கே தலை சுற்றியது.

"தீவுதானே வேண்டும்? ரயிலில் ஏறிப் போகக்கூடிய தீவு ஒன்று நம்மிடமே இருக்கிறதே! இராமேசுவரம்" என்றேன்.

"அது கோயில் அல்லவா, அப்பா?" என்றாள் என் பெண்.

"கோயில் இருக்கிற தீவு, அம்மா."

அன்றே பிரயாணம் நிச்சயமாயிற்று.

அட்டவணை

உபாத்தியாயர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைத் தொட்டாலும் அட்டவணை போடாமல் அவர்களால் இருக்க முடியாது. நானும் போட்டேன். காலை ஐந்தே முக்காலுக்குச் சூரியோதயம். ஆறேகாலுக்குக் குறிப்பு எழுதுதல். ஏழுக்குத் தூண்களை எண்ணுதல். இப்படியே இரவு ஒன்பது வரையில். பிள்ளைக்கு ஒன்றாக நான்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்விகளை என் கையாலேயே எழுதி வைத்தேன். பாம்பன் பாலத்தின் நீளம் என்ன? கடல் நீர் ஏன் உப்புக் கரிக்கிறது? பவளம் செடியா, பிராணியா?

என் மனைவி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஏனுங்க, இது விடுமுறையா, இல்லை விடுமுறையிலே ஒரு பள்ளிக்கூடமா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் எங்கள் பக்கத்து வெல்லத்தில் இரண்டு கிலோ பொட்டலம் கட்டிப் பையில் வைத்தாள். போகிற இடத்தில் யாருக்காவது கொடுக்கலாமாம். அந்த வெல்லம் அட்டவணையைக் காட்டிலும் அதிகம் உபயோகப்படப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

பழனியில் ரயில் ஏறி மதுரையில் இறங்கி, இரவு அங்கே உறவினர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை வண்டியில் இராமேசுவரம். மண்டபம் தாண்டியதும் பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. இடப்புறமும் கடல், வலப்புறமும் கடல், கீழேயும் கடல். வண்டி மெல்ல ஊர்ந்து போயிற்று. என் தங்கை மகன், எட்டு வயதுப் பையன், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"பன்னிரண்டாம் கேள்வி! பாலத்தின் நீளம் என்ன?" என்று நான் உற்சாகமாகக் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. பையன் மட்டும் திரும்பினான்.

"மாமா, கப்பல் வந்தால் ரயில் என்ன செய்யும்?"

என்னுடைய நாற்பதில் இந்தக் கேள்வி இல்லை! ஆனால் பாம்பன் பாலத்தின் கதை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் மௌனமாக நின்ற பழைய பாலத்தைக் காட்டினேன். அது 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி கதவின் இரண்டு இறக்கைகளைப் போலப் பிளந்து மேலே எழும். ஆட்கள் நின்று கையாலே சுற்றித் திறப்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. நாங்கள் போன புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிளப்பதில்லை. தட்டைத் தூக்குவதைப் போல நேராக 17 மீட்டர் உயரம் எழும்புகிறது.

"அவ்வளவு கனத்தை எப்படித் தூக்கும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. விடுதிக்குப் போனதும் ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைப் போட்டோம். ஒரு முனையில் தண்ணீர்ச் செம்பு. மறு முனையில் வெல்லப் பொட்டலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையாக இருந்ததால், நால்வரில் சிறியவன், என் பையன், ஒரு விரலால் செம்பை மேலே ஏற்றிவிட்டான். பாலத்தின் இரு பக்கத்துக் கோபுரங்களிலும் இப்படித்தான் எதிர் எடைகள் தொங்குகின்றன. ராட்டினத்தில் நீர் இறைத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அன்று பிற்பகல் உச்சி வெயிலில் நால்வரையும் அக்கினி தீர்த்தக் கரையில் உட்காரவைத்து, நோட்டை விரிக்கச் சொன்னேன். சிறியவன் அழ ஆரம்பித்தான். தங்கை மகள் மட்டும் ஏதோ எழுதினாள். வாங்கிப் பார்த்தேன். "கடல் உப்பாக இருக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது" என்று இருந்தது.

அன்று இரவு அட்டவணையை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். அதற்குப் பதிலாக மூன்றே விதிகள். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம்; நடுப்பகலில் நிழலும் மோரும் தூக்கமும். தினம் ஒரு காரியத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும். கேள்வியைப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். பதில் தெரிந்தவர் ஊரிலே இருந்தால் அவரிடம் போக வேண்டும்.

மீனுக்கு விடுமுறை

இரண்டாம் நாள் விடியற்காலையில் கோயிலுக்குப் போனோம். சேதுபதி மன்னர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டி முடித்த மூன்றாம் பிராகாரத்தை உலகம் அறியும். 1,212 தூண்கள், கிழக்கு மேற்காக ஏறக்குறைய 690 அடி. எண்ணச் சொல்லவில்லை, ஒரு மூலையில் பேசாமல் உட்காரச் சொன்னேன். சற்று நேரத்தில் என் பெண், "இரண்டு வரிசைத் தூணும் தூரத்திலே ஒன்றாய்ச் சேருகிறதே, அங்கே இடம் குறுகலா?" என்றாள். போய்ப் பார் என்றேன். நால்வரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அங்கேயும் அதே அகலம்; அங்கிருந்து பார்த்தால் இங்கேதான் குறுகல்! சித்திர வகுப்பில் ஒரு மாதம் சொல்லியும் ஏறாத பாடம், பத்து நிமிஷத்தில் காலாலே ஏறிவிட்டது.

மாலையில் துறைமுகத்துக்குப் போனோம். விசைப்படகுகள் வரிசை வரிசையாகச் சும்மா நின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் அவை மீன் பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். ஒரு பெரியவர் படகின் நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனுக்கும் விடுமுறையா, தாத்தா?" என்றான் தங்கை மகன்.

பெரியவர் சிரித்தார். "ஆமாம், தம்பி. மீனுக்கு விடுமுறை, எங்களுக்குக் கடன்."

பிள்ளைகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சர்க்கார் நிவாரணத் தொகை கொடுக்கிறது. அது எத்தனை நாளைக்குக் காணும் என்பதை அவர் முகமே சொல்லிற்று. "ஆனாலும் அதுகள் குஞ்சு பொரித்தால்தானே ஐயா, பிறகு நமக்கு?" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பையனை அருகில் அழைத்து வலைக் கண்ணிக்கு முடிச்சுப் போடும் விதத்தைக் காட்டினார். இருபது தரம் தவறி இருபத்தோராம் தரம் ஒரு முடிச்சு விழுந்தது. வெல்லத்தில் பாதி அவர் வீட்டுக்குப் போயிற்று. அவர் எங்களுக்கு ஒரு கருப்பட்டியைக் கொடுத்தார். கரும்பு வெல்லமும் பனை வெல்லமும் நாக்கிலே சந்தித்தன.

கரும்பலகையும் கடற்கரையும்

மூன்றாம் நாள் மசூதித் தெருவுக்குப் போனோம். 1931-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி இந்த ஊரில் பிறந்து, படகு வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்து, நாட்டின் ராஷ்டிரபதியாக உயர்ந்த அப்துல் கலாமின் வீடு அங்கே இருக்கிறது. அவர் நினைவு மண்டபம் பேக்கரும்பில் 2017-இல் திறக்கப்பட்டது. ராக்கெட் மாதிரிகளைப் பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். ஆனால் என் மனம் வேறொருவரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கலாமுக்கு ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ஒரு நாள் அவர் கரும்பலகையில் பறவையின் படத்தை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினாராம். "புரிந்ததா?" என்று கேட்டபோது, கலாம் இல்லை என்றார், மற்றப் பிள்ளைகளும் இல்லை என்றார்கள். ஐயருக்குக் கோபம் வரவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போய், பறக்கிற பறவைகளையே காட்டி விளக்கினார். தம் வாழ்க்கைக்குக் குறிக்கோள் கிடைத்தது அன்றைக்குத்தான் என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் வெயிலில் நோட்டை விரிக்கச் சொன்ன எனக்கு இந்தக் கதை சுருக்கென்று தைத்தது.

அன்று மாலை நாங்களும் மணலிலே மல்லாந்து படுத்துக்கொண்டோம். ஆலாக்கள் தலைக்குமேல் போயின. செம்பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டது. "அது இறக்கை அடிக்கவில்லையே, ஏன் விழவில்லை?" என்றாள் தங்கை மகள். உடனே பட்டம் ஒன்று வாங்கினோம். நூலைப் பிடித்தவள் கையிலே காற்று தன் பலத்தைத் தானே சொல்லிற்று. நான் சொல்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் கை வேண்டும். நாங்கள் இருவர், பிள்ளைகள் நால்வர், ஆகையால் இரண்டிரண்டு பேராகவே நீரில் இறக்கினோம். அக்கினி தீர்த்தத்தில் கடல் குளத்தைப் போல அடங்கியிருக்கும்; தனுஷ்கோடி முனையிலோ நீரோட்டம் பொல்லாதது, கால் நனைப்பதுகூட உள்ளூரார் சொல்லும் இடத்தில்தான். தொப்பியும் குடிநீரும் மறக்கக் கூடாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடப் பழக்குங்கள். பவளமும் கடற்குதிரையும் சில சங்கு வகைகளும் வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. எங்கள் பிள்ளைகள் எடுத்ததைப் படம் வரைந்துகொண்டு திரும்ப வைத்தார்கள்.

மணலுக்குள் நல்ல தண்ணீர்

நான்காம் நாள் தனுஷ்கோடி. 2017-இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரையில் போகிறது. இடது பக்கம் பாக் கடல். வலது பக்கம் மன்னார் கடல். ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றொன்றை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். வைகாசிக் காற்றில் ஆண்கடல் முழங்கிக்கொண்டிருந்தது, பெண்கடல் தூங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது இரண்டும் குணம் மாறிக்கொள்ளுமாம். என் பெண் ஈர விரலைத் தூக்கிக் காற்றின் திசையைப் பார்த்து, ஏன் என்று தானே கண்டுபிடித்தாள்.

சாலையோரம் சங்கு மாலை விற்ற ஒரு பாட்டியிடம் பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பாட்டி ஒரு கொட்டாங்கச்சியை நீட்டி, "தோண்டிக் குடிங்க, கண்ணு" என்றார்.

இரண்டு பக்கமும் உப்புக் கடல்; நடுவே மணல்; அதிலே தோண்டினால் என்ன வரும்? சிறியவன் தோண்டினான். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமாயிற்று. இன்னும் கொஞ்சம் போனதும் நீர் ஊறிற்று. கலங்கல் தெளியக் காத்திருந்து, கொட்டாங்கச்சியில் மொண்டு வாயில் விட்டான். கண்கள் அகன்றன.

"அப்பா! இனிக்கிறது!"

மழை நீர் மணலுக்குள் இறங்குகிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் கீழே ஊடுருவியிருக்கும் கடல் நீரின்மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. உலகத்திலே பவளத் தீவுகளில் வாழும் மக்கள் அநேகர் இந்த ஆடையை நம்பித்தான் வாழ்கிறார்கள். பாட்டிக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "ஆசைப்பட்டு ரொம்ப ஆழம் தோண்டினா உப்புத்தான் வரும்" என்றார். என்னுடைய பாடத்தைவிட அவர் பாடமே சிறியது; சரியானது.

அங்கிருந்து இடிந்த ஊருக்குள் நடந்தோம். மாதா கோயிலின் சுவர்கள் மட்டும் நின்றன. கல்லிலே பூப்பூவாக வரி இருப்பதைத் தங்கை மகள் கண்டாள். அது கல்லல்ல, பவளப் பாறை. அந்நாளில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் கடலிலிருந்து அதை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் கடல் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு; அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளப் பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கிய காரணம் என்கிறார்கள். தீவுக்குப் பாறையே மதில். மதிலை எடுத்தால் அலை வீட்டுக்குள் வரும்.

"இந்த ஊருக்கு என்ன ஆச்சு, மாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வேடிக்கை பார்க்க அழைத்து வந்த இடத்தில் துக்கத்தைச் சொல்வானேன் என்று, ஒதுங்கிப் போகவே நினைத்திருந்தேன். ஆனால் கேள்வியைப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும் என்று விதி செய்தவன் நான். உட்காரவைத்துச் சொன்னேன்.

இங்கே ரயில் நிலையம் இருந்தது, தபாலாபீஸ் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. சென்னையில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார்கள். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் புயல் வந்தது. கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், தனுஷ்கோடியை எட்டும் சமயத்தில், நூறு பேருக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலைக்குள் போயிற்று. அதன்பின் இங்கே ஊர் எழவில்லை.

வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் பையன் கேட்டான்: "அந்த ரயிலில் பிள்ளைகள் இருந்தார்களா, அப்பா?"

"இருந்திருப்பார்கள், கண்ணு."

"கடல் மறுபடி வருமா?"

வராது என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. "வரலாம். ஆனால் அன்றைக்கு அந்த ரயிலுக்குச் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்குப் புயல் கிளம்பிச் சில நாள் முன்னாலேயே வானத்திலிருக்கும் செயற்கைக் கிரகங்கள் பார்த்துச் சொல்லிவிடுகின்றன. சொன்னதைக் கேட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டும்" என்றேன். அவன் என் கையை விடாமல் நடந்தான்; ஆனால் அழவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பது பெரியவர்களுடைய பயம்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

திரும்பும்போது பாலத்தின்மேல் மீதிக் கதையையும் சொன்னேன். அந்தப் புயலில் பாம்பன் பாலமும் உடைந்தது. செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரும் அவருடைய ஆட்களும் கடலுக்குள் விழுந்த உத்திரங்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்பாதையையும் டில்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே. வரும்போது பாலத்தை வேடிக்கை பார்த்த பிள்ளைகள், போகும்போது அதற்குக் கையசைத்தார்கள்.

வீடு வந்து பெட்டியைத் திறந்தபோது நான்கு நோட்டுகளும் அகப்பட்டன. என்னுடைய நாற்பது கேள்விகளின் கீழும் வெள்ளைத் தாள்தான். கடைசிப் பக்கங்களில் மட்டும் கோணல் எழுத்தில் பிள்ளைகளின் கேள்விகள் நிறைந்திருந்தன.

மறுநாள் காலை சிறியவனைக் காணோம். கொல்லையிலே கண்டுபிடித்தேன். தென்னை மரத்தடியில் இடுப்பளவு குழி. உள்ளே மண் பூசிய முகத்தோடு அவன்.

"அப்பா, அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் வந்ததே! இங்கே இவ்வளவு தோண்டியும் ஏன் வரவில்லை?"

நான் பதில் சொல்லவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன்.